கை நனைத்த வீடுகள்

ஜூன் 24, திங்கள்

வேலை உறுதியாகிவிட்டது. நான்கு மாத ஒப்பந்தம். ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போய், ஆட்கள் தங்கள் உடம்பு எடையோடு தினமும் எப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து இந்த ஆய்வை நடத்தும் ரஞ்சனி மேடம் காலை முழுக்கக் காணொளியில் பயிற்சி கொடுத்தார்.

"ஏன் குறைக்கலைன்னு மட்டும் கேட்டுடாதீங்க வசந்தாமணி. ஏன்னு கேட்டா மனுஷங்க காரணம் தயாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க. சாப்பிடறப்போ எப்படி இருக்கு, துணி போடறப்போ எப்படி இருக்குன்னு கேளுங்க. அவங்களே சொல்லுவாங்க."

சரி மேடம் என்றேன். கொரியரில் எடைக்கருவி வந்தது. அதில் முதலில் ஏறியது நான்தான். எண்பத்து மூன்று. எடையைப் பற்றி விசாரித்து வர இவளைவிட்டால் ஆள் இல்லையா என்று வீடு வீடாகச் சிரிக்கப் போகிறார்கள்.

இந்த வேலையை எதற்குக் கேட்டு வாங்கினாய் என்றார் துரை. என் வீட்டுக்காரர். சம்பளத்துக்கு என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் தம்பி சென்னியப்பன். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறான். சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கலாமென்றால் அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் மனைவி கோகிலாவுக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்கு எல்லாம் சேர்ந்தது. ஜாதகம்கூட எனக்கு இத்தனை பொருத்தத்தோடு அமைந்ததில்லை. கடைசியில் டாக்டர் எடையைப் பார்த்தார். இந்த உடம்போடு ஒன்றை எடுத்தால் பின்னால் உங்களுக்கே ஆபத்து, எட்டு கிலோ குறைத்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் வாருங்கள், தேதி குறித்துவிடலாம் என்றார்.

எட்டு கிலோதானே. இத்தனை பேரிடம் கேட்கப் போகிறேன், ஒருத்தராவது உருப்படியான வழி சொல்லாமலா போவார்கள்.

ஜூன் 27, வியாழன்

முதல் வீடு. அரசுப் பேருந்து நடத்துநர் நல்லசிவம். கூட்டத்தில் ஆட்களுக்கு நடுவே புகுந்து டிக்கெட் போட முடியவில்லை, வயிறு முன்னால் போய் நிற்கிறது என்பது அவர் குறை.

"சாப்பாடெல்லாம் கொறைச்சுப் போட்டனுங். ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தி. அதுவும் எண்ணெய் இல்லாம."

சமையலறையிலிருந்து அவர் மனைவி கேட்டார்: "ஏனுங், அப்ப எட்டு இட்லி போனது ஆரு வயித்துக்குங்?"

"அது சப்பாத்திக்கு முன்னாலீங். இவுங்க கேட்டது சப்பாத்தியப் பத்தி."

இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்முணி, நீங்களும் கொஞ்சம் கொள்ளு சேத்துக்கோணும். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க" என்றார். கேட்க வந்தது யார், சொல்வது யார் என்றே தெரியவில்லை.

கிளம்பும்போது அந்தம்மா அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டில் போட்டு நெய்யை ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். "மத்தியான நேரத்துல வந்துபோட்டு, கை நனைக்காம போறதாவது? உக்காருங் கண்ணு."

என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் கை நனைக்காமல் எழுந்தால் அந்த வீட்டை அவமதித்ததாகிவிடும். சாப்பிட்டேன். மறுசோறு வாங்காவிட்டால் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்களே என்று அதையும் வாங்கினேன்.

ஜூலை 3, புதன்

83.6. கருவியைச் சமமான தரையில் வைக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுத் தரை சரியில்லை.

ஜூலை 5, வெள்ளி

சென்னியோடு டயாலிசிஸுக்குப் போவதில் செவ்வாய் கோகிலாவின் முறை, வெள்ளி என் முறை. அவன் இடது கையில் ஊசி ஏற்றும்போது வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

குழாய்களை மாட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் அவன், "இந்த வாரம் எங்கெங்க போன? என்னென்ன போட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு" என்றான். பாவம், அவனுக்கு உப்பில்லை, தக்காளி இல்லை, வாழைப்பழம் இல்லை, தேங்காய் இல்லை. தண்ணீரையே அளந்துதான் குடிக்கிறான். அரிசிம்பருப்புச் சாதத்தை நான் வாசனையோடு சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"நெய் ஊட்ல காச்சுனதா, கடையா?"

"ஊட்ல காச்சுனது. முருங்கை எலை போட்டு."

"அடப்பாவி" என்று முனகினான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இதற்காகவாவது நான் சாப்பிடலாம் போலிருக்கிறது.

எடை எத்தனை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கே கீறுவார்கள் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டிய தாள் இன்னும் கைப்பையிலேயே கிடக்கிறது. எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும். நேரமே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

பவானி. ஜமக்காளக் கடை முதலாளியம்மா குணவதி. வயது அறுபது இருக்கும். மூட்டு இரண்டும் போய்விட்டது, எடையைக் குறைத்தால்தான் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டாராம். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போதே வெல்லப்பாகு வாசனை தெருவரைக்கும் வருகிறது.

"நாந்தான் திங்கக் கூடாது கண்ணு. திங்கறவங்களப் பாக்கலாமில்ல? அதுக்குமா டாக்டரு தடை போடுவாரு?"

எண்ணெயில் பொரித்த வெல்லக் கச்சாயத்தை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். வெல்லம் பதமா, உள்ளே வெந்திருக்கிறதா, ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறதா என்று ஒவ்வொரு கடிக்கும் ஒரு கேள்வி. என்னைப் பேட்டி எடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

நடுவில் ஒன்று சொன்னார். "கல்யாண ஊட்டுக்குப் போனா, என்னையக் கண்டதும் பசங்க ஓடிப் போயி இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துட்டு வந்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் போடறாங்க கண்ணு. மரியாதைக்குன்னு பாக்கறவங்க நெனைப்பாங்க. எனக்குத் தெரியாதா எதுக்குன்னு?"

எனக்கும் ஒரு தடவை அப்படிப் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா மகன் கல்யாணத்தில். அன்றைக்கு நான் பந்தியில் உட்காரவே இல்லை. இதைப் போய் அவரிடம் சொல்ல முடியுமா? சொந்தக் கதை பேசக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். இன்னொரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. தேங்காய் சுடும் நோன்பு. சென்னியும் கோகிலாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேங்காய்க்குள் வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் அடைத்து, வாதநாராயணன் குச்சியில் செருகி, வாசலில் தீமூட்டி எல்லாருக்கும் அவன்தான் சுட்டுக் கொடுத்தான். ஓடு வெடித்து வாசனை வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தேங்காய் ஒரு துண்டுகூட ஆகாது.

கோகிலா என்னிடம் தனியாக வந்து, "காலண்டர்ல ஆகஸ்ட் கடைசிய மஞ்சள்ல சுழிச்சு வெச்சுருக்கறனுங் அண்ணி. இன்னும் ஆறு வாரந்தான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

அவன் பங்குத் தேங்காய் மீந்துவிட்டது. நோன்புத் தேங்காயை வீணாக்கலாமா? நானே சாப்பிட்டேன்.

துரை சாயங்காலம் ஜாங்கிரி வாங்கி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காமல் ஒரு மிட்டாய் வாங்கித் தராத மனுஷன், இந்த மாதத்தில் இது நான்காவது முறை. வயசாக வயசாகத்தான் பாசம் வரும் போலிருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

மேடம் போனில் பிடித்துக்கொண்டார்.

"வசந்தாமணி, உங்க குறிப்புகள்ல மனுஷங்களைவிடப் பலகாரம்தான் அதிகமா இருக்கு."

கை நனைக்கும் வழக்கத்தை விளக்கினேன். மறுத்தால் பேட்டியே கிடைக்காது மேடம் என்றேன்.

"மதுரையில, தஞ்சாவூர்ல பேட்டி எடுக்கறவங்களும் வீடுகளுக்குத்தானே போறாங்க? ஒரு டம்ளர் மோர் போதும்னு சொல்லிடறாங்களாம்."

சொல்வார்கள், சொல்வார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொங்கு நாட்டு உபசாரம் எங்கே புரியப்போகிறது? போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அலமாரியிலிருந்த முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாப் பதிவுகளையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

84.5. போதும். நாளை முதல் காலையில் நடை.

ஜூலை 31, புதன்

தூறல்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நடப்பதற்கென்று வாங்கிய புதுச் செருப்பு காலைக் கடித்துவிட்டது. வாசலில் போட்டுப் பார்த்ததிலேயே.

ஆகஸ்ட் 8, வியாழன்

எரிச்சல் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு ஒரு பெண். பெயர் தாரணி என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயரை எழுதக் கூடாது. இருபத்தாறு வயது. ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து, "உள்ளதச் சொல்லட்டுங்களாக்கா?" என்றாள்.

"சொல்லு."

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்க. காப்பியக் குடிச்சுட்டு, அப்பறம் சொல்லியனுப்பறோம்னு போயிடறாங்க. அம்மா எலை போட்டுட்டு நிப்பாங்க, ஆரும் உக்கார மாட்டாங்க. சோத்துல கை நனைச்சுட்டாச் சம்மதம்னு ஆயிடுமில்லீங்க. கொஞ்சம் எளைச்சா எடம் அமைஞ்சிரும்னு அம்மா அழுகறாங்க."

"உனக்கு அது எப்படி இருக்குது?" பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி கேட்டேன்.

"நிம்மதியா இருக்குதுங்க்கா." சிரித்தாள். "எனக்கு இப்பக் கல்யாணமே வேண்டாம். அதை அப்பாகிட்டச் சொல்ற தெம்பு எனக்கில்லை. அதான் திங்கறேன். இப்படி இருக்கற வரைக்கும் நானா வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை பாருங்க. வர்றவங்களே சொல்லீட்டுப் போயிருவாங்க. ஆரும் என்னையக் கொறை சொல்லவும் முடியாது. நானும் கொள்ளுத் தண்ணி குடிச்சுட்டுத்தான இருக்கறேன், எல்லாரும் பாக்கறமாதிரி."

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ. "உனக்கு வாயில்லையா? ஏன் சொல்ல மாட்டேங்கற? பெத்தவங்களை இப்படி ஏமாத்தறதுக்கு நேரா நின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் செத்துப் போய்விட்டது. ஏன் என்று கேட்கக் கூடாது என்ற ஒரே சட்டத்தையும் மீறியாகிவிட்டது. பதிவை நிறுத்தினேன். பயந்துபோய்க் காப்பி போடட்டுமா என்றாள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி. இரண்டு முட்டை பப்ஸ் தின்றேன். வெயில் ஒரேயடியாக அடித்தது. தலைவலி. வெயிலினால்தான் இத்தனை கோபமும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரண்டாம் சுற்றுப் பேட்டிகள் ஆரம்பம். பவானிக்குப் போனேன்.

குணவதியம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தார். வாசனையைக் காணோம். "நீங்க வந்துட்டுப் போனப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தேன் கண்ணு. அடுத்தவங்க திங்கறதப் பாத்துட்டு, அப்பறம் ராத்திரியில மிச்சத்த நாந்தான் தின்னுருக்கறேன். வெளிய சொல்றதில்லை. இனி ஊட்ல பலகாரமே போடறதில்லைன்னு நிறுத்திப்போட்டேன்."

ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறார். இந்தக் கிழவிக்கு முடிகிறது.

பேட்டி முடிந்த பிறகும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து போய் எதுவும் கொண்டுவரவில்லை. பேச்சு வாக்கில், "கச்சாயம் எதுவும் மிச்சமில்லீங்களா?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போன தடவை உங்களை ரொம்ப வற்புறுத்திப் போட்டனோன்னு எனக்கு ஒரே வெசனமா இருந்துச்சு கண்ணு."

"பரவால்லீங்க."

"அப்பறம் நெனச்சுப் பாத்தா, நான் ஒருக்காத்தான் கேட்டேன்."

வயதானவர்களுக்கு ஞாபகம் சரியாக இருப்பதில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊசி ஏற்றும்போது ஜன்னலைப் பார்த்தேன். பிறகு திரும்பி உட்கார்ந்து வாரக் கதையை ஆரம்பித்தேன். இந்த வாரம் சொல்வதற்குச் சாப்பாடு அதிகம் இல்லை, அதனால் போன வாரத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "இப்படியும் ஒரு பைத்தியம் இருக்குது பாரு" என்று சிரித்தேன்.

சென்னி சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான்.

"அந்தப் புள்ள பைத்தியமில்லக்கா" என்றான். "நீயும் அதையேதான பண்ணீட்டு இருக்கற?"

"என்னடா பேசற?"

"எட்டு வாரமா நீ சொல்றதக் கேட்டுட்டு இருக்கறேன். ஒரு ஊட்ல கூட நீ வேண்டாம்னு சொன்னதாச் சொல்லலை. மொதல்ல எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. அப்பறம் புரிஞ்சு போச்சு. நம்மூர்ல கை நனைச்சாச் சம்மதம்னு அர்த்தம். நீ ஊடு ஊடாப் போயி கை நனைச்சு, எனக்கு மாட்டேன்னு சொல்லீட்டு இருக்கற."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. நன்றி கெட்டவனே என்றேன். எத்தனை ஊசி, எத்தனை பரிசோதனை, உனக்காக நான் அலைந்த அலைச்சல் என்னவென்று தெரியுமா என்றேன். மறுத்தால் வீட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்றேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது மெதுவாகச் சொன்னான்.

"மாட்டேன்னா வாயால சொல்லீருக்கா. நான் தாங்கிக்குவேன். பெரியாஸ்பத்திரியில கிட்னிக்குப் பேரு பதிஞ்சு வெச்சுருக்குது, எப்ப வருதோ அப்ப வரட்டும். அடுத்த தீவாளிக்கும் உன்ற ஊட்டுக்குத்தான் சீர் எடுத்துட்டு வருவேன். ஆனா சரின்னு தலையாட்டிப்போட்டு இப்படிப் பண்ணாத. கோகிலா காலண்டரப் பாத்துப் பாத்து நாளெண்ணீட்டுக் கெடக்கறா. அதுதான் எனக்குத் தாங்கல."

"பயமா இருக்குதுடா!"

கத்தியிருக்கிறேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார். வாயைத் திறந்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "கத்தி வெக்கறத நெனச்சாலே கைகால் ஒதறுது. அந்தப் படத்தை ஒருக்கா பாத்ததோட சரி, மறுபடி பிரிக்கவே முடியலை. ஒண்ணக் குடுத்துட்டு, இருக்கற ஒண்ணும் எனக்கு நின்னு போச்சுன்னா? நானும் இப்படி..." என்று அவன் படுக்கையைக் கையால் காட்டிவிட்டேன். காட்டிய பிறகுதான் எதைக் காட்டுகிறேன் என்று உறைத்தது.

அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல கெடக்கறவனுக்குத் தெரியாதா, இது எத்தனை பயம்னு" என்றான். "இப்பத்தான் நீ என்றகூடப் பேசற."

எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

சமைக்கவில்லை. கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று துரையிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலம். பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டேன். மேடம் கேட்கக் கூடாது என்ற கேள்வியைத்தான்.

"ஏனுங்க வாங்கீட்டு வர்றீங்க?"

துரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பாமலேயே சொன்னார்: "நீ எதுக்குத் தின்னயோ, அதுக்குத்தான் வாங்குனேன்."

பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார். "வேண்டாம்னு உங்கிட்டச் சொன்னா, கூடப் பொறந்தவன் உசுரைவிட உனக்கு நான் பெருசாப் போயிட்டனான்னு கேப்ப. ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்து இதைச் சொல்ல எனக்கு மொகமில்லை மணி. உன்னைய அறுக்கறாங்கன்னா எனக்கு ஈரக்கொலை நடுங்குது." இருபது வருடத்தில் இவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை நாளாக ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, நடுவில் ஜாங்கிரியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். பொட்டலத்தைக் கீழ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சென்னி என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊசி ஏற்றும்போது பார்த்தேன். முதல் ஊசி, இரண்டாவது ஊசி, குழாயில் ரத்தம் ஏறியது எல்லாவற்றையும். மயக்கம் வரவில்லை. நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் முதல் வேலையாக டாக்டரைப் பார்த்தேன், துரையோடு. கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் விரித்து, எனக்குப் பயம் என்றேன். அவர் அரை மணி நேரம் பேசினார். ஒன்றோடு வாழ்பவர்களைப் பற்றிச் சொன்னார், ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். வேண்டாம் என்றாலும் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். எடை 84. தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கோகிலா இன்னும் சில மாதம் காலண்டரைக் கிழிக்க வேண்டியிருக்கும். அது என்னால்தான்.

மத்தியானம் நடத்துநர் நல்லசிவம் வீட்டுக்கு இரண்டாம் சுற்று. அந்தம்மா இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்தார்.

"வேண்டாங்க."

"அதெப்படிங், கொஞ்சூண்டு."

"இல்லீங்க, வேண்டாம்."

இப்போதுதான் நிஜமான வற்புறுத்தல் என்றால் என்னவென்று தெரிந்தது. தட்டை என் மடிக்கே கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "ஏனுங், எங்க ஊட்ல கை நனைக்கக் கூடாதுன்னு ஆராச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

சொந்தக் கதை பேசக் கூடாது. பதிவு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. மேடம் கேட்டால் கேட்கட்டும்.

"என்ற தம்பிக்குக் கிட்னி குடுக்கறனுங். அதுக்கு ஒடம்பக் கொறைக்கோணும்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்தம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நல்லசிவம், "அம்முணி, அந்த எட்டு இட்லி நெசந்தானுங். ஆறாக் கொறைக்கறேன், எழுதிக்கோங்" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு சென்னிக்குப் போன் செய்தேன். தாரணி வீட்டுக்குப் போன அன்றைக்கு நின்ற அதே நிறுத்தம், எதிரே அதே பேக்கரி. பப்ஸ் வாசனை மூக்கைத் துளைத்தது.

"சென்னி, நல்லாக் கேட்டுக்கோ. பயம் போகலை. அது போகாது போலிருக்குது. தேதியும் தள்ளிப் போச்சு. ஆனாக் குடுக்கறேன்டா. இது வாயால சொல்றது."

அவன் வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பிட்டயாக்கா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான்.

"இல்லடா" என்றேன். "பசிக்குது."